தைராய்டு வீக்கமும் நீர் மாத்திரையும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய், மீதியைக் கேட்டுப் பயந்துவிடுவாய். அதனால்தான் கடிதம். தைராய்டு மாத்திரை தொடங்கி ஒரு மாதமாகியும் காலையில் கண்ணிமை உப்பியிருக்கிறது, மோதிரம் கழலவில்லை, எடையும் இறங்கவில்லை என்று அழுதாயாம். பக்கத்து வீட்டு அக்கா சொன்ன நீர் மாத்திரையை வாங்கலாமா என்று அம்மாவிடம் கேட்டாயாம். வாங்காதே. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1873இல் லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர், சில பெண்களுக்கு முகம் உப்பி, பேச்சு மந்தமாகி, உடம்பே தடித்துப்போவதைக் குறித்து எழுதினார். 1870களின் கடைசியில் வில்லியம் ஆர்ட் என்பவர், அப்படி அவதிப்பட்டு இறந்துபோன ஒரு நோயாளியின் தோலைச் சோதித்தார். உள்ளே வெறும் நீர் இல்லை. வழவழப்பான ஒரு பொருள் ஏராளமாக இருந்தது. தைராய்டு குறைவால் வரும் இந்த வீக்கத்துக்கு ‘மிக்ஸிடீமா’ என்று அவர் வைத்த பெயரைத்தான் இன்றும் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

தைராய்டு ஹார்மோன் குறையும்போது ஹயலூரோனிக் அமிலம் போன்ற பொருள்கள் தோலுக்கடியில் சேர்ந்துவிடுகின்றன. ஊறிய சப்ஜா விதை தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்வதுபோல, அவையும் நீரைப் பிடித்துக்கொள்கின்றன. அதனால் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்தி எடுத்தால் பெரும்பாலும் குழி விழாது. தொண்டை கரகரப்பதும், விடியற்காலையில் விரல்கள் மரத்துப்போவதும்கூடப் பலருக்கு இதே வீக்கத்தால் வருபவைதான்.

இப்படிப் பிடிபட்ட நீரை நீர் மாத்திரையால் இழுத்துவிட முடியாது. அது சிறுநீரகத்தின் வழியாக உப்பையும் நீரையும் வெளியேற்றும், அவ்வளவுதான். தைராய்டு மிகவும் குறைந்தவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் ஏற்கெனவே இறங்கியிருக்கக்கூடும். அதன்மேல் இந்த மாத்திரையும் சேர்ந்தால் தலைசுற்றல், குழப்பம், சில சமயம் மயக்கம் வரைக்கும் போகும். பிரஷருக்கோ இதயத்துக்கோ மருத்துவர் எழுதிக் கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள் விஷயம் வேறு. அவர்கள் தாங்களாக நிறுத்தவும் கூடாது.

அப்படியானால் எதுதான் வீக்கத்தை இறக்கும்? நியூகாசிலில் 1891இல் நடந்ததைக் கேள். ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவரிடம் 46 வயதுப் பெண் ஒருவர் வந்தார். முகமும் கைகளும் வீங்கி, நடை தளர்ந்து, வீட்டு வேலை செய்யவும் முடியாமல் சில வருடங்களாகவே அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த நோய்க்கு அப்போது மருந்தே கிடையாது. மர்ரே ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து சாறு எடுத்து, அவருக்குத் தோலுக்கடியில் ஊசி போட்டார். சுமார் மூன்று மாதத்தில் முகத்தில் இருந்த வீக்கம் குறைந்தது, புறங்கை வீக்கம் ஏறக்குறைய வடிந்தே போனது. பிறகு அதையே வாய்வழியாகக் கொடுத்தார்கள். அந்த அம்மாள் அதற்கப்புறம் 28 வருடம் வாழ்ந்து, 74 வயதில் 1919இல்தான் காலமானார். அவருக்கு மட்டும் 870 ஆடுகளுக்கு மேல் தேவைப்பட்டதாக மர்ரே கணக்கு எழுதிவைத்திருக்கிறார். உனக்கோ ஒரு சின்ன டப்பா! 1927இல் ஹாரிங்டனும் பார்கரும் தைராக்ஸினைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய புண்ணியம்.

சோதனைச்சாலையில் செய்த மாத்திரையானாலும் உடம்பு தன் நிதானத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இந்த மருந்தில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஒரு வாரம் ஆகும். அளவு நிலைப்பட ஆறு வாரம்போல. அதனால்தான் டோஸ் சரியா என்று காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனையை 6 முதல் 8 வாரம் கழித்துச் செய்யச் சொல்கிறார்கள். டோஸ் சரியாக அமைந்த பிறகுதான் தோலில் சேர்ந்தது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஒரு மாதத்தில் மோதிரம் கழலவில்லை என்று அழுவது அவசரம்.

எடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. தைராய்டு குறைவால் ஏறும் எடை பொதுவாக இரண்டிலிருந்து நாலரை கிலோவுக்குள்தான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். அதற்கு மேல் ஏறிய கிலோக்களின் பழியை இந்தச் சின்னச் சுரப்பியின் தலையில் போட முடியாது.

நம் வீடுகளில் டோஸ் கெடுவது பெரும்பாலும் காபியால். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஃபில்டர் பக்கமே போகாதே. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் சாப்பிடுகிறாயா? சில லேப் முறைகளில் அது டிஎஸ்எச்சைக் குறைத்துக் காட்டும். டிஎஸ்எச் குறைந்தால் மாத்திரை அதிகம் என்று தோன்றும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் வீக்கம் மறுபடி ஏறும். டெஸ்டுக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள். குறைந்தது இரண்டு நாளாவது என்பார்கள்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. உன் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் மூன்றுமே அந்தக் கணக்கில்தான் வரும். அயோடின் கலந்த உப்பே போதும், தனியாக அயோடின் சொட்டு மருந்தெல்லாம் வேண்டாம். அளவு மீறினால் அதுவே தைராய்டைக் கெடுக்கும். வீக்கம் வடியும் என்று சொல்லிக் கொடுக்கும் பார்லி கஞ்சியைக் குடிக்கலாம், ருசிக்காக. சுரைக்காய்ச் சாறு துளி கசந்தாலும் கீழே ஊற்றிவிடு, அது விஷம்.

எல்லா வீக்கத்தையும் தைராய்டின் கணக்கில் எழுதுவதும் தப்பு. உன் அத்தைக்கு இரண்டு கணுக்காலும் வீங்கியது. தைராய்டு, தைராய்டு என்றே வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் பார்த்தால் பிரஷருக்குச் சாப்பிட்ட அம்லோடிபின். மருத்துவர் மாத்திரையை மாற்றியதும் வடிந்துவிட்டது. அடிக்கடி வலி மாத்திரை போடுகிறவர்களுக்கும் கால் வீங்கும். ஒரு கால் மட்டும் வலியோடு வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, படுத்தால் மூச்சு திணறினாலோ அன்றைக்கே மருத்துவமனை. சிறுநீர் நுரைத்துப் போனால் அதையும் தள்ளிப்போடாதே, சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கும் கண்ணைச் சுற்றியோ முன்னங்காலிலோ வீக்கம் வரும்; அதற்கு வைத்தியமே வேறு. யாரோ சொன்னதைக் கேட்டு மாத்திரை மாற்றக்கூடாது என்று நான் கத்துவது அதனால்தான்.

இன்னும் இரண்டு வாரத்தில் டெஸ்ட் இருக்கிறதல்லவா, அன்றைக்கு ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரையைப் போட்டுக்கொள். நீ சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும், அந்த முடி மாத்திரையையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டு. சோடியமும் பார்க்க வேண்டுமா என்று கேள். மோதிரத்தை எண்ணெய் தடவி இப்போதே கழற்றி அம்மாவிடம் கொடுத்து வை. வரவில்லையென்றால் நகைக்கடையில் வெட்டி எடுத்துத் தருவார்கள், சங்கடப்படாதே. ரிசல்ட் வந்ததும் எனக்கு ஒரு போட்டோ அனுப்பு.

அன்புடன்,
பெரியம்மா