மலைப்பாதைச் சைக்கிளும் எடைக் குறைப்பும்

களப்பணியாளருக்கும் கிராமப் பள்ளி ஆசிரியருக்கும் சைக்கிள் புதிய பொருளன்று. 1949-ஆம் ஆண்டில் சென்னைக்கு அருகே அம்பத்தூரில் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற தொழிற்சாலைகளிலிருந்து வெளிவந்த கறுப்பு நிறச் சைக்கிள்கள், நம் நாட்டின் வண்டிப்பாதைகளிலும் வரப்புகளிலும் பல தலைமுறைகளாக உழைத்து வந்துள்ளன. ஏறத்தாழ 20 கிலோகிராம் எடையுள்ள அந்த எஃகு வண்டி, மூட்டையையும் சுமக்கும்; ஆளையும் சுமக்கும். ஆயினும் செங்குத்தான ஏற்றத்தில் அதைத் தள்ளிக்கொண்டு நடப்பதே வழக்கம்.

ஏற்றத்தில் ஏறவும், கரடுமுரடான இறக்கத்தில் கட்டுப்பாட்டுடன் இறங்கவும் ஒரே வண்டி பயன்பட வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து பிறந்ததே மலைப்பாதைச் சைக்கிள். 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மாரின் வட்டாரத்து இளைஞர்கள் சிலர் பழைய, தடித்த டயர்ச் சைக்கிள்களில் மலைச்சரிவுகளில் இறங்கிப் பந்தயம் நடத்தினர். இத்தகைய ஓட்டத்துக்கென்றே தனியாக வடிவமைத்த பிரேமை ஜோ பிரீஸ் என்பவர் 1977-இல் அமைத்தார். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் போட்டிகளில் இவ்விளையாட்டு இடம்பெற்றது. முன்னும் பின்னும் ஏறத்தாழ 140 முதல் 160 மில்லிமீட்டர் வரை அசையும் அதிர்வுதாங்கிகளைக் கொண்டு, ஏற்றம் இறக்கம் இரண்டுக்கும் ஏற்றதாக அமையும் வகையை 'ஆல் மவுண்டன்' என வழங்குகின்றனர். அதன் எடை பெரும்பாலும் 13 முதல் 15 கிலோகிராம் வரை இருக்கும்.

பெங்களூரு நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. நகரின் தெற்கே துரஹள்ளிக் காட்டுப் பகுதியின் பாறைகளும், வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் 1,478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலையும் சைக்கிள் ஆர்வலர்களுக்கு நன்கு அறிமுகமானவை. 2008-இல் தொடங்கிய நீலகிரிச் சைக்கிள் சுற்றுப்பயணமும் இந்நகரிலிருந்தே புறப்பட்டது. இங்குள்ள இளைஞர் பலர் பிரேம், போர்க், சக்கரம், பிரேக் ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கித் தம் வண்டியைத் தாமே பொருத்துகின்றனர். அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எடையை எவ்வாறு குறைப்பது?" என்பதே. எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கலாகாது என்பதை அறியாமல் குறைப்பவர் பணத்தை மட்டுமன்றி உயிரையும் பணயம் வைக்கிறார். ஆதலின் இதனைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

ஒரு கிலோகிராமின் மதிப்பு

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓட்டுநரின் எடை 75 கிலோகிராம், வண்டியின் எடை 14 கிலோகிராம், ஆக மொத்தம் 89 கிலோகிராம் என்க. 8 கிலோமீட்டர் நீளமுள்ள மலைச்சாலையில் அவர் 400 மீட்டர் உயரம் ஏறுகிறார் எனக் கொள்வோம். புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யவேண்டிய வேலை, 89 × 9.8 × 400, அதாவது ஏறத்தாழ 3,49,000 ஜூல்.

இதனோடு, டயர் உருளும்போது ஏற்படும் தடையையும் கூட்டவேண்டும். முரட்டுப் பற்களுடைய டயருக்கு உருளல் தடை எண் 0.02 எனக் கொண்டால், தடைவிசை சுமார் 17.4 நியூட்டன், 8,000 மீட்டருக்குச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ 1,40,000 ஜூல். மெதுவாக ஏறுகையில் காற்றின் தடை சிறிதாகையால் அதை விட்டுவிடலாம். ஆக மொத்தம் ஏறத்தாழ 4,89,000 ஜூல். ஓட்டுநர் இடைவிடாது 200 வாட் திறனைத் தருவாராயின், உச்சியை அடைய அவருக்குச் சுமார் 41 நிமிடங்கள் ஆகும்.

இப்போது வண்டியின் எடையில் ஒரு கிலோகிராமைக் குறைப்போம். உயரம் ஏறுவதில் 3,920 ஜூலும், உருளல் தடையில் 1,568 ஜூலும் மிச்சமாகும். மொத்தம் 5,488 ஜூல். நேரக் கணக்கில் இது சுமார் 27 வினாடி மட்டுமே. 41 நிமிட ஏற்றத்தில் அரை நிமிடத்துக்கும் குறைவு!

மாறாக, எடையை அப்படியே விட்டுவிட்டு, பொருத்தமான டயரைத் தேர்ந்து, தக்க காற்றழுத்தத்தில் வைத்து, உருளல் தடை எண்ணை 0.020-லிருந்து 0.018 ஆகக் குறைப்போம். சுமார் 14,000 ஜூல், அதாவது 70 வினாடி மிச்சமாகும். ஒரு கிலோகிராமைக் குறைக்கப் பெரும் பணம் செலவாகும். டயரின் காற்றழுத்தத்தைச் சரிபார்க்க ஓர் அழுத்தமானியும் கைப்பம்பும் போதும். எடைக் குறைப்பின் முதற்பாடம் இதுவே: அளந்து பார்க்காமல் எதையும் வாங்கலாகாது.

சக்கரத்தின் எடை

'சக்கரத்தில் ஒரு கிராம், பிரேமில் இரண்டு கிராமுக்குச் சமம்' என்று கூறுவதுண்டு. இது பாதி உண்மை. ரிம்மிலும் டயரிலும் உள்ள நிறை, வண்டியோடு முன்னோக்கிச் செல்வதோடு சுழலவும் செய்கிறது. எனவே வேகத்தைக் கூட்டும்போது அதற்கு ஏறக்குறைய இருமடங்கு ஆற்றல் தேவை. ஆனால் சீரான வேகத்தில் ஏற்றம் ஏறும்போது சுழற்சியின் ஆற்றல் மாறுவதில்லை. அப்போது ரிம்மின் ஒரு கிராம் பிரேமின் ஒரு கிராமுக்கே சமமாகும்.

எனினும் மலைப்பாதையில் அடிக்கடி வேகம் குறைந்து மீண்டும் கூடுவதாலும், இலேசான சக்கரம் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப விரைந்து மேலும் கீழும் அசைவதாலும், சக்கரத்தில் எடை குறைப்பது நற்பயன் தரும். உள்ளே டியூப் இல்லாத டயர் அமைப்பு இதற்கு எளிய வழி. பெரிய சக்கரத்தின் ரப்பர் டியூப் ஒன்று ஏறத்தாழ 200 கிராம் இருக்கும். அதை நீக்கி, துளையை அடைக்கும் திரவத்தைச் சுமார் 100 மில்லிலிட்டர் ஊற்றினால், சக்கரத்துக்கு ஏறத்தாழ 100 கிராம் மிச்சமாகும். அதைவிடச் சிறந்த பயன் ஒன்றுண்டு. டியூப் ரிம்முக்கும் பாறைக்கும் இடையே நசுங்கிப் பஞ்சராகும் தொல்லை நீங்குகிறது. முள்செடிகள் நிறைந்த நம் பாதைகளில் இது சிறிய நன்மையன்று. அத்திரவம் சில மாதங்களில் உலர்ந்துவிடுமாதலால், அவ்வப்போது திறந்து பார்த்து நிரப்பவேண்டும்.

எஃகு, அலுமினியம், கார்பன் நார்

எஃகின் அடர்த்தி நீரைப்போல் 7.85 மடங்கு; அலுமினியத்தின் அடர்த்தி 2.7 மடங்கு. ஆனால் அலுமினியத்தின் விறைப்பும் எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். அப்படியானால் அலுமினியத்தால் என்ன இலாபம் என்று மாணவர் கேட்கலாம். விடை குழாயின் வடிவத்தில் உள்ளது.

மெல்லிய சுவருடைய குழாய் வளையாது நிற்கும் தன்மை, அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. எடையோ விட்டத்துக்கு நேர்விகிதத்தில் மட்டுமே கூடுகிறது. சுவரின் தடிமனை மாற்றாமல் விட்டத்தை ஒன்றரை மடங்காக்கினால், விறைப்பு 1.5 × 1.5 × 1.5, அதாவது ஏறத்தாழ 3.4 மடங்காகும். ஆகவே ஒன்றரை மடங்கு பருமனுள்ள அலுமினியக் குழாய், எஃகுக் குழாயினும் சற்றுக் கூடுதல் விறைப்புடன், ஏறக்குறையப் பாதி எடையில் அமைகிறது. அலுமினியச் சைக்கிளின் குழாய்கள் பருத்துத் தோன்றுவதன் காரணம் இதுவே. விட்டத்தை மேலும் மேலும் பெருக்கிச் சுவரை மெலிதாக்கினால், குழாய் தகர டப்பாவைப்போல் எளிதில் நசுங்கிவிடும்.

மற்றொரு வேற்றுமையும் உண்டு. திரும்பத் திரும்ப வரும் சுமை ஒரு வரம்புக்குள் இருக்குமாயின், எஃகு நெடுங்காலம் தாங்கும். அலுமினியத்துக்கு அத்தகைய திட்டமான வரம்பு இல்லை. சிறிய சுமையும் மிகப் பலமுறை வந்தால் இறுதியில் விரிசல் தோன்றும். ஆகையால் மிக இலேசான அலுமினிய ஹாண்டில்பாரை ஆண்டுக்கணக்கில் ஐயமின்றிப் பயன்படுத்தலாகாது. பலமாக விழுந்தெழுந்த பின் அதை மாற்றிவிடுவதே அறிவுடைமை.

கார்பன் நாரும் பிசினும் சேர்ந்த கலப்புப் பொருளின் அடர்த்தி சுமார் 1.6 மட்டுமே. இது பெங்களூருக்குப் புதிதன்று. 1959-இல் நிறுவப்பெற்று இந்நகரில் இயங்கிவரும் தேசிய வானூர்தி ஆய்வுக்கூடம், கலப்புப் பொருள்களால் அமைந்த 'ஹன்சா' என்னும் சிறு பயிற்சி விமானத்தை உருவாக்கியது. 2001-இல் பெங்களூரில் முதன்முறை பறந்த 'தேஜஸ்' விமானத்தின் உடற்கட்டு எடையில் சுமார் 45 விழுக்காடு கலப்புப் பொருள்களே. விமானத்தில் இப்பொருளை முறைப்படி சோதித்துப் பார்க்க வல்லுநர்கள் இருக்கின்றனர். சைக்கிளுக்கோ அதை ஓட்டுபவரே சோதனையாளர். கார்பன் பாகம் பாறையில் மோதினால், மேற்பரப்பு நன்றாகத் தோன்றினும் உள் அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். நாணயத்தால் மெல்லத் தட்டுகையில், மற்ற இடங்களில் கணீரென்ற ஒலியும் ஓரிடத்தில் மட்டும் மந்தமான ஒலியும் எழுந்தால், அவ்விடத்தை ஐயுறவேண்டும். ஒலி மாறவில்லை என்பதனாலேயே பாகம் பழுதற்றது என்று முடிவுசெய்யவும் கூடாது.

குறைக்கலாகாத இடங்கள்

மலையேறிய வண்டி இறங்கியாக வேண்டும். ஏறும்போது சேர்த்த 3,49,000 ஜூல் ஆற்றல் இறங்கும்போது எங்கே போகிறது? ஒரு பகுதியைக் காற்றும் சாலையும் ஏற்கும். மெதுவாக இறங்குவோரின் வண்டியில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 25 பாகை செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 3,14,000 ஜூல் போதும். அதாவது, ஒரு பாத்திரம் நீரைக் கொதிக்கவைக்கும் வெப்பத்தை இரண்டு மெல்லிய எஃகுத் தட்டுகள் ஏற்றுக் காற்றில் விடவேண்டியிருக்கிறது.

180 மில்லிமீட்டர் பிரேக் தட்டை நீக்கி 160 மில்லிமீட்டர் தட்டைப் பொருத்தினால் சில பத்து கிராம்கள் குறையும். ஆனால் அதே பிடிப்புக்குக் கிடைக்கும் நிறுத்தும் திருப்புவிசை ஒன்பதில் ஒரு பங்கு குறைகிறது. வெப்பத்தை ஏற்கும் உலோகமும் குறைகிறது. பிரேக் சூடேறித் தளர்ந்தபின் வளைவில் நிற்க இயலாதவருக்கு அந்தச் சில கிராம்களால் ஆவது யாது?

பாகங்களில் துளையிட்டு எடை குறைக்கும் பழக்கமும் ஆபத்தானதே. இழுவிசைக்கு உட்பட்ட அகன்ற தகட்டில் ஒரு வட்டத் துளையிட்டால், அதன் விளிம்பில் தகைவு சுமார் மூன்று மடங்காகிறது. விரிசல் அங்கேயே தொடங்கும். எனவே ஹாண்டில்பார், அதைத் தாங்கும் தண்டு, போர்க், கிராங்க், பிரேக் ஆகிய ஐந்திலும் துளையிடுதல், அராவுதல், எஃகுத் திருகாணிக்கு மாற்றாக அலுமினியத் திருகாணி இடுதல் ஆகியவை அறவே கூடாதவை.

பொருத்தும் முறை

பாகங்களை வாங்குமுன் பிரேமின் அளவுகளைக் குறித்துக்கொள்ளவேண்டும். போர்க் தண்டின் விட்டம், கிராங்க் அச்சுக்கூட்டின் அகலம், பின் அச்சின் நீளம், சீட்டுக் குழாயின் உள்விட்டம் ஆகிய நான்கும் பொருந்தாவிடில், விலையுயர்ந்த பாகமும் வீணே.

முன்னே ஒரே பற்சக்கரம் வைக்கும் அமைப்பினால் கியர் மாற்றி, கம்பி, நெம்பி ஆகியவை நீங்கிச் சில நூறு கிராம் குறைகிறது, பழுதும் குறைகிறது. முன்னே 32 பற்களும் பின்னே பெரியதில் 51 பற்களும் இருப்பின், பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 0.63 சுற்றுச் சுழலும். சக்கரத்தின் சுற்றளவு 2.3 மீட்டராயின் வண்டி 1.44 மீட்டர் முன்னேறும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர். செங்குத்தான ஏற்றத்துக்கு இது போதுமானது. செயினின் நீளத்தைக் கணக்கிடும்போது, பின் அதிர்வுதாங்கி முழுதும் அமுங்கிய நிலையில் வைத்தே அளக்கவேண்டும். இல்லையேல் முதற்பள்ளத்திலேயே செயின் இறுகிப் பாகங்களை முறித்துவிடும்.

ஓட்டுநர் அமர்ந்தவுடன் அதிர்வுதாங்கி தன் அசைவில் நான்கில் ஒரு பங்கு முதல் பத்தில் மூன்று பங்கு வரை தாழ்ந்து நிற்குமாறு காற்றழுத்தத்தை அமைக்கவேண்டும். 150 மில்லிமீட்டர் அசைவுக்கு இது ஏறத்தாழ 38 முதல் 45 மில்லிமீட்டர்.

திருகாணிகளை முறுக்குவதில் கைப்பழக்கத்தை நம்பலாகாது. பாகத்தின்மேல் பொறித்துள்ள அளவே விதி. 5 நியூட்டன் மீட்டர் எனப் பொறித்திருந்தால், 10 சென்டிமீட்டர் நீளமுள்ள சாவியின் முனையில் 50 நியூட்டன் விசை, அதாவது சுமார் 5 கிலோகிராம் எடைக்கு ஈடான இழுப்புப் போதும். அதை மிஞ்சினால் கார்பன் குழாய் நசுங்கும். குறைந்தால் ஹாண்டில்பார் இறக்கத்தில் சுழன்றுவிடும்.

வகுப்பறைக்கும் களத்துக்கும்

ஆசிரியர்கள் பள்ளியிலுள்ள எந்தச் சைக்கிளைக் கொண்டும் இப்பாடத்தைச் செய்து காட்டலாம். சாவியின் முனையில் வில் தராசை மாட்டி இழுத்து, திருப்புவிசையை மாணவரே அளக்கட்டும். ஒரே சரிவில் டயரின் காற்றைக் குறைத்தும் கூட்டியும் வண்டியை உருளவிட்டு, அது ஓடி நிற்கும் தூரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். ஒரே அளவு காகிதத்தை ஒருமுறை ஒடுங்கிய குழாயாகவும், மறுமுறை அகன்ற குழாயாகவும் சுருட்டி, எது எளிதில் வளைகிறது என்று காணட்டும்.

களப்பணியாளர்கள் வனத்துறையின் ஒப்புதல் பெற்ற பாதைகளில் மட்டுமே ஓட்டுமாறு இளைஞருக்கு அறிவுறுத்தவேண்டும். மழைக்காலத்தில் ஈரமான செம்மண் பாதையில் டயர் பதித்த தடமே மறுமழையில் ஓடையாகி மண்ணை அரித்துச் செல்லும்.

எடையைக் குறைக்க விரும்புவோர்க்கு வரிசை இது: முதலில் தேவையற்ற சுமை, அடுத்து டயரும் அதன் காற்றழுத்தமும், பின்னர்ச் சக்கரமும் கியர் அமைப்பும், இறுதியாகப் பிரேம். ஓட்டுநரின் கையும் காலும் நம்பியிருக்கும் ஹாண்டில்பார், பிரேக், போர்க் ஆகியவை இவ்வரிசையில் இடம்பெறா. நல்ல வண்டியின் இலக்கணம் தராசில் முடிவதன்று. ஏறிய ஒருவரைப் பத்திரமாக இறக்கி வீடு சேர்ப்பதில்தான் அது நிறைவு பெறுகிறது.