ரன் என்னும் சிறு சொல்

என் அருமைப் பேத்திக்கு,

ஆங்கிலத்தில் ‘ரன்’ என்னும் சொல்லுக்கு அகராதி தரும் அர்த்தங்களையெல்லாம் நோட்டில் வரிசையாக எழுதி நெட்டுருப் போடத் தொடங்கி, பாதியிலேயே சலிப்புத் தட்டிவிட்டதென்று எழுதியிருந்தாய். சலித்தது நல்லதே. ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் அந்த வினைச்சொல் ஒன்றுக்கே 645 பொருள்களைக் கண்டிருக்கிறார்கள். அவற்றைப் பிரித்து ஒழுங்குபடுத்த, பீட்டர் கில்லிவர் என்ற அகராதி அறிஞருக்கு ஒன்பது மாதம் பிடித்ததாம். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 430 பொருள்களோடு முதலிடத்தில் இருந்தது ‘செட்’ என்னும் சொல். யந்திரங்கள் பெருகி, ரயிலும் ஆலையும் கம்ப்யூட்டரும் ‘ரன்’ ஆகத் தொடங்கியதே இந்தச் சொல் அதை முந்தியதற்குக் காரணம் என்று சொல்வார்கள். அதில் நியாயம் உண்டென்றே எனக்கும் படுகிறது.

ஆனால் அந்த அகராதி உருவான விதத்தை நீ அறிந்தால், உன் பிரயத்தனம் தலைகீழானது என்பது விளங்கும். 1879-இல் ஆசிரியப் பொறுப்பை ஏற்ற ஜேம்ஸ் மரே, முதலில் அர்த்தங்களை வகுத்துக்கொண்டு பிறகு உதாரணம் தேடவில்லை. படிக்கும் பழக்கமுள்ள பொதுஜனங்களுக்கு வேண்டுகோள் விடுத்து, தாங்கள் வாசிக்கும் கிரந்தங்களில் ஒரு சொல் பிரயோகமாகியிருக்கும் வாக்கியத்தை அப்படியே ஒரு சீட்டில் பெயர்த்தெழுதி அனுப்பச் செய்து, லட்சக்கணக்கில் வந்து குவிந்த அந்தச் சீட்டுகளைத் தம் தோட்டத்து இரும்புக் கொட்டகையில் இனம்பிரித்து, வாக்கியங்கள் காட்டிய வழியிலேயே அர்த்தங்களைக் கண்டார். பிராட்மூர் மனநோய்க் காப்பகத்தில் அடைபட்டிருந்த மைனர் என்ற அமெரிக்க ராணுவ வைத்தியர்கூட ஆயிரக்கணக்கான சீட்டுகளை எழுதி அனுப்பினார் என்றால் அந்த வேள்வியின் பெருமையை என்னவென்பது! மரே 1915-இல் காலமானார். அகராதி பூர்த்தியானது 1928-இல்தான்.

நம் ‘ஓடு’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள். படம் நூறு நாள் ஓடுகிறது, பிழைப்பு ஓடுகிறது, பரீட்சை மண்டபத்தில் ஒன்றும் ஓடவில்லை என்றெல்லாம் நீ பேசுவது எந்த அகராதியைப் பார்த்து? இவற்றுள் சில ஆங்கிலத்தோடு ஒத்துப்போவதைக் கண்டு ஏமாந்துவிடாதே. மூக்கு அவர்களுக்கு ‘ரன்’ ஆகிறது, நமக்கு ஒழுகுகிறது. துணியின் சாயம் அங்கே ‘ரன்’ ஆகிறது, இங்கே போகிறது. கடையை அவர்கள் ‘ரன்’ செய்கிறார்கள், நாம் நடத்துகிறோம். கிரிக்கெட்டிலோ, பந்தை எல்லைக்கு அப்பால் தூக்கியடித்தவன் ஓர் அடியும் ஓடாமலே ஆறு ‘ரன்’ பெறுகிறான்! அவர்களுக்குள்ளும் பேதம் உண்டு: தேர்தலில் அமெரிக்கன் ‘ரன்’ செய்கிறான், இங்கிலாந்துக்காரன், நம்மைப் போலவே, நிற்கிறான்.

ஆகையால் அந்த நோட்டை மூடிவிட்டு, தினமும் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு பக்கத்தை நிதானமாகப் படி. அச்சொல் எதிர்ப்படும்போது, அருகிலுள்ள சொற்களைக் கொண்டு பொருளை நீயே ஊகித்து, வாக்கியத்தை முழுதாக எழுதிக்கொண்ட பின்னரே அகராதியைத் திற. வங்கியின்மீது ‘ரன்’ என்று வந்தால் யாரோ ஓட்டப்பந்தயம் வைத்ததாக நினைத்துவிடாதே. வங்கி முழுகிவிடுமென்று பீதியுற்ற ஜனங்கள் போட்ட பணத்தைத் திரும்ப வாங்க ஒரே நேரத்தில் மொய்ப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். உன் ஊகம் பிசகிய இடங்களை மட்டும் அடுத்த கடிதத்தில் எனக்கு எழுதியனுப்பு.

இப்படிக்கு,
உன் தாத்தா