டார்கெட் எட்டியாயிற்று, வேலை நடந்ததா?

ஆண்டுத் தொடக்கத்தில் ஊழியர் கையில் ஓர் எண் தரப்படுகிறது. ஆண்டு முடிவில் ஊக்கத்தொகையும் பதவி உயர்வும் அந்த எண்ணை வைத்தே முடிவாகின்றன. வங்கி முதல் மருத்துவமனை வரை இதுதான் நடைமுறை. இதைச் சுற்றி வளர்ந்த நம்பிக்கைகளைச் சற்று உரசிப் பார்ப்போம்.

நம்பிக்கை: மேலிருந்து எண்ணைக் கொடுத்து வேலை வாங்குவதே மேலாண்மை அறிஞர் பீட்டர் ட்ரக்கர் சொன்ன முறை.

உண்மை: 1954-இல் வெளிவந்த தன் நூலில் அவர் குறிக்கோளையும் சுயகட்டுப்பாட்டையும் சேர்த்தே பேசினார். மேலாளர் தன் குறிக்கோளை வகுப்பதில் தானும் பங்கேற்று, தன் வேலையைத் தானே அளந்து திருத்திக்கொள்ள வேண்டும் என்றார். பல நிறுவனங்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன. அளவுகோல் சாட்டையாகிவிட்டது.

நம்பிக்கை: டார்கெட் கடுமையாக இருந்தால்தான் ஊழியர் உழைப்பார்.

உண்மை: எட்டவே முடியாத எண்ணை வைத்தால் உழைப்பு குறுக்கு வழி தேடும். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒரு வாடிக்கையாளர் குடும்பத்துக்கு எட்டுச் சேவைகளை விற்கும்படி நெருக்கியது. வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016-இல் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. சுமார் 5,300 ஊழியர்கள் வேலையிழந்திருந்தனர்.

நம்பிக்கை: எண் நன்றாக இருந்தால் சேவையும் நன்றாக இருக்கும்.

உண்மை: அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில், கேட்ட 14 நாட்களுக்குள் மருத்துவரைப் பார்க்க வைக்க வேண்டும் என்பது இலக்காக இருந்தது. ஃபீனிக்ஸ் நகரில் 2014-இல் தணிக்கை நடந்தபோது, அதிகாரபூர்வக் காத்திருப்போர் பட்டியலில் ஏறாமலே 1,700 பேர் காத்திருந்தது வெளிப்பட்டது. தாளில் காத்திருப்பு குறைந்தது, நோயாளிக்குக் குறையவில்லை. முன்னாள் படைவீரர் துறைச் செயலர் எரிக் ஷின்செகி பதவி விலகினார்.

நம்பிக்கை: டார்கெட்டை எட்டாதவர் திறமையில்லாதவர்.

உண்மை: பெரும்பாலான குறைகள் அமைப்பிலிருந்தே வருகின்றன, ஆளிடமிருந்து அல்ல என்றார் தர நிபுணர் எட்வர்ட்ஸ் டெமிங். எண்ணிக்கை இலக்குகளைக் கைவிடுவது, மேலாண்மைக்கு அவர் வகுத்த 14 நெறிகளில் ஒன்று. ஆள்பலமும் கருவிகளும் அப்படியே இருக்க, எண்ணை மட்டும் ஏற்றினால் பழி கடைசி ஊழியர்மேல்தான் விழும்.

அப்படியானால் இலக்கே கூடாதா? வேண்டும். ஆனால் அதை வைக்குமுன், அந்த வேலையைச் செய்பவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: “வேலையைச் செய்யாமலே இந்த எண்ணைக் காட்ட வழி உண்டா?” அவருக்குத் தெரியும். ‘உண்டு’ என்று அவர் சொன்னால், அந்த எண்ணைச் சம்பளத்தோடு கட்டாதீர்கள்.