யாத்திரையும் நேரக் கணக்கும்

சம்மேத சிகரம் செல்ல விழைவோர் நம் இல்லங்களில் ஆண்டுதோறும் பலர் உளர். இருபது தீர்த்தங்கரர்கள் முத்தி எய்திய அம்மலையை வாழ்நாளில் ஒருமுறையேனும் வலம்வர வேண்டும் என்னும் ஆவல் நம்மவர்க்கு இயல்பு. ஆயின், சென்று மீண்டோர் கூறும் இன்னல்களைச் செவிமடுத்தால், அவற்றுள் பெரும்பகுதி வழியில் நேர்ந்தவை அல்ல, புறப்படுமுன் வீட்டிலேயே விளைந்தவை என்பது புலனாகும். நாம் இருமுறை சென்றுள்ளோம். முதன்முறை பட்ட துன்பத்துக்கு முழுப் பொறுப்பும் நம்முடையதே. அதனையே முதலில் கூறிவிடுகிறோம்.

2011 டிசம்பரில் உறவினர் ஒன்பதின்மர் புறப்பட்டோம். சென்னையிலிருந்து ஹௌரா, அங்கிருந்து வேறு வண்டியில் சுமார் 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாரசநாத் நிலையம். இரண்டாம் வண்டியின் பயணச்சீட்டில் 14ஆம் தேதி, 00.20 என அச்சிடப்பட்டிருந்தது. நாம் 14ஆம் தேதி பகலெல்லாம் நகரில் கழித்து, இரவு 10 மணிக்கு நிலையம் சேர்ந்தோம். வண்டியோ முந்தைய இரவே போய்விட்டிருந்தது. நள்ளிரவு கடந்த அக்கணமே 14ஆம் தேதி பிறந்துவிடுகிறது; ஆகவே 13ஆம் தேதி இரவே நாம் அங்கிருந்திருக்க வேண்டும். ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கு 24 மணி நேர முறையை எத்தனையோ ஆண்டுகள் கற்பித்த நமக்கு இது தோன்றவில்லை.

கிடைத்த வண்டியில், முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறினோம். எண்பத்தொரு வயதான எம் மாமியார் விடியும்வரை உட்கார்ந்தே வந்தார். மலையடிவாரமாகிய மதுவனம் சேர்ந்தபோது அவருக்குக் காய்ச்சல். ஒரு நாள் இழந்தமையால் மறுநாள் விடியற்பொழுதிலேயே மலையேற வேண்டியதாயிற்று. அன்றிரவே திரும்பும் வண்டி. மற்றவர்கள் ஏறினர். அவரும் நாமும் தருமசாலை முற்றத்திலிருந்து மலையை நோக்கிக் கைகூப்பி மீண்டோம். அடுத்த ஆண்டு அவர் காலமானார். "கண்ணால் கண்டேன் அல்லவா, போதும் அம்மா" என்பதன்றி ஒரு சொல்லும் அவர் நம்மைக் கடிந்து கூறியதில்லை.

நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட வண்டியாயின், சீட்டு கைக்கு வந்தவுடன் அதன்மேல் "செவ்வாய் இரவு நிலையம் சேர வேண்டும்" எனக் கிழமையைத் தமிழில் எழுதிவிடுக. எழுதியவரல்லாத இன்னொருவர் அதனை உரக்கப் படித்துச் சரிபார்ப்பது நன்று. வீட்டில் பள்ளிப் பிள்ளை இருந்தால் அவனிடமே கொடுக்கலாம். பெரியவர்களைவிடப் பிள்ளைகளே பிழையை விரைவில் காண்பர். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 120 நாள்களுக்குப் பதிலாக 60 நாள்களுக்கு முன்பே தொடங்குகிறது என்பதையும் நினைவில் கொள்க.

அடுத்தது கதிரவனின் கணக்கு. இரவு உண்ணாமை நோற்போர் இதனைக் கட்டாயம் அறிந்திருத்தல் வேண்டும். மார்கழியில் சென்னையில் மாலை 5.45 மணியளவில் பொழுது மறையும். மதுவனத்திலோ 5 மணி கடந்து சில நிமிடங்களில் மறைந்துவிடும். நாடு முழுமைக்கும் கடிகாரம் ஒன்றே. ஆனால் அவ்வூர் நமக்குக் கிழக்கே ஏறத்தாழ 6 பாகை தள்ளியிருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடமாக 24 நிமிடம் அதனாலும், வடக்கே குளிர்காலப் பகல் குறுகுவதால் மற்றுமோர் இருபது நிமிடமும் குறைகின்றன. ஆனி மாதத்தில் இவ்வேறுபாடு அநேகமாக இராது. நம் ஊர் வழக்கப்படி ஐந்தரைக்கு உண்ணலாமென்று இருப்போர் அங்கே பட்டினியோடு படுப்பர். நாலரை மணிக்கே இலையில் அமர்தல் வேண்டும்.

மூன்றாவது மூடுபனி. டிசம்பர், ஜனவரி மாதங்களில் கங்கைச் சமவெளியில் வண்டிகள் பல மணி நேரம் தாமதமாவதுண்டு. தில்லிப் பக்கத்திலிருந்து வரும் வண்டியில் ஹௌரா திரும்புவோர், சென்னை வண்டிக்கு மூன்று மணி இடைவெளி போதுமென எண்ணலாகாது. ஒரு முழு நாள் விடுக. விடுதிச் செலவைக் கணக்கிட்டு அந்நாளைக் குறைப்பவர்கள் பின்னர் அதனினும் மிகுதியாகவே செலவிடுகின்றனர். வண்டி எங்கு வருகிறதென்பதை 139 என்னும் எண்ணில் கேட்டறியலாம். 2018 ஜனவரியில் நாம் திரும்பிய வண்டி, வயல்வெளி நடுவே பனியில் நெடுநேரம் நின்றது. முதல் நாள் சமைத்ததை மறுநாள் உண்ணாதவர்கள் எம்முள் மூவர். அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம் ஆகியவற்றைத் தனிப்பையில் வைத்திருந்தமையால், வெளிச்சம் இருக்கையிலேயே உண்டு முடித்தோம். காய்ச்சி ஆற்றிய நீரும் ஆளுக்கு ஒரு செம்பு மிகுதியாக இருக்கட்டும்.

மலையைப் பற்றிச் சில சொற்கள். ஏற 9, மேலே வலம்வர 9, இறங்க 9 என 27 கிலோமீட்டர். ஆதலால் பின்னிரவு 2 அல்லது 3 மணிக்கே பலரும் புறப்படுவர். டோலி வேண்டுவோர் முதல் நாள் மாலையே தருமசாலை அலுவலகத்தின் வழியாகக் கூலி பேசி முடித்தல் நலம். இருட்டில் பேரம் பேசினால் மனக்கசப்பே மிஞ்சும். மலைமேல் உண்பதில்லை என்னும் நியமம் கொண்டோருள் சர்க்கரை நோயாளிகள் இருப்பின், மாத்திரை அளவை மருத்துவரிடம் ஊரிலேயே கேட்டுவிடுக. வழக்கம்போல் மாத்திரை உண்டுவிட்டு வெறும் வயிற்றில் ஏறினால், வியர்த்து நடுங்கி மயக்கம் வரலாம். அந்நிலையில் வெல்லமோ சர்க்கரையோ உடனே வாயிலிடுவதே முறை. நியமத்தைப் பற்றிய தயக்கம் அங்கு வேண்டா. மருந்துகள் பெட்டியில் அன்று, தோளில் தொங்கும் பையில் இருத்தல் வேண்டும்.

துணிமணிகளைப் பற்றி மிகுதியாகச் சொல்லத் தேவையில்லை. தூக்கிச் செல்லக் கூடியதற்கு மேல் எடுக்க வேண்டா. கம்பளிச் சால்வை ஒன்று தவறாமல் இருக்கட்டும். ஊன்றுகோலை ஊரிலிருந்து சுமக்க வேண்டியதில்லை. அடிவாரத்திலேயே மூங்கிற்கோல் கிடைக்கும். ஏறும்போது அதன் அருமை தெரியாது, இறங்கும்போது தெரியும்.