குளிரூட்டியின் திறனை அளக்கும் எண்கள்



கோடை விடுமுறையில் அமெரிக்காவிலிருந்து தமிழ்நாட்டிற்குச் செல்லும் நாம், உறவினர் இல்லத்துக் குளிரூட்டியில் நட்சத்திரங்கள் பொறித்த சீட்டைக் காண்கிறோம். அதில் ஐ.எஸ்.இ.இ.ஆர். 4.5 என்றுள்ளது. இங்கு நம் இல்லத்துக் கருவியிலோ எஸ்.இ.இ.ஆர். 15 என்றுள்ளது. அவ்வாறாயின், நம் கருவி மூன்று மடங்கு சிறந்ததா? இல்லை. அளவைகள் வேறு, ஆதலால் எண்களும் வேறு. இதனை விளங்கிக் கொள்வோம்.

குளிரூட்டி, அறையிலுள்ள வெப்பத்தை வெளியே சுமந்து சென்று விடுகிறது. செலவிட்ட மின்சாரத்திற்கு எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றியது என்பதே அதன் திறன். அமெரிக்காவில் வெப்பத்தை பி.டி.யு. என்னும் அலகால் அளப்பர். ஒரு பவுண்டு நீரின் வெப்பநிலையை ஒரு பாரன்ஹீட் பாகை உயர்த்தத் தேவையான வெப்பமே ஒரு பி.டி.யு. ஆகும். மணிக்கு வெளியேற்றும் பி.டி.யு.வை, கருவி இழுக்கும் வாட்டால் வகுத்தால் வருவது இ.இ.ஆர்.

வெப்பத்தையும் வாட்டிலேயே அளந்து வகுத்தால் வருவது சி.ஓ.பி. ஒரு வாட்-மணி 3.412 பி.டி.யு.விற்குச் சமம். எனவே:

சி.ஓ.பி. = இ.இ.ஆர். ÷ 3.412

இனி 'டன்' என்பது கருவியின் எடையன்று. 2,000 பவுண்டு பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கும் வெப்ப அளவே அது. பவுண்டுக்கு 144 பி.டி.யு. வீதம் கணக்கிட்டால், மணிக்கு 12,000 பி.டி.யு. ஆகிறது. ஆகவே:

டன்னுக்குரிய கிலோவாட் = 12 ÷ இ.இ.ஆர்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். இரு கருவிகளும் ஒரு டன் திறனுடையவை. முதலாவது 1,200 வாட் இழுக்கிறது, அதன் இ.இ.ஆர். 10, சி.ஓ.பி. 2.93. இரண்டாவது 1,000 வாட் இழுக்கிறது, அதன் இ.இ.ஆர். 12, சி.ஓ.பி. 3.52. நாளொன்றுக்கு 8 மணி நேரம் முழு அளவில் இயங்கினால், 100 நாட்களில் இரண்டாவது கருவி 160 யூனிட் மின்சாரத்தை மிச்சப்படுத்தும். பெற்றோர் செலுத்தும் மின்கட்டணத்தில் இவ்வேறுபாடு தெரியும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இ.இ.ஆர். என்பது வெளியே 95 பாரன்ஹீட் பாகை வெப்பம் நிலவும்போது கணிக்கப்படுவது. எஸ்.இ.இ.ஆர். என்பதோ பருவம் முழுவதற்கும் உரிய சராசரி. ஒன்றை மற்றொன்றாக மாற்றத் திட்டமான வாய்பாடு இல்லை. மேலும், 2023 முதல் அமெரிக்காவில் வழங்கும் எஸ்.இ.இ.ஆர்.2 கடுமையான சோதனையால் பெறப்படுவதால், அதே கருவிக்கும் எண் சற்றுக் குறையும்.

தொடக்க வினாவிற்கு வருவோம். ஐ.எஸ்.இ.இ.ஆர். வெப்பத்தையும் மின்சாரத்தையும் ஒரே அலகில் அளப்பது. 15ஐ 3.412ஆல் வகுத்தால் கிடைப்பது 4.4. மூன்று மடங்கு வேறுபாடு மறைந்துவிட்டது! எனினும் இரு நாட்டின் பருவக் கணக்கும் வேறாதலால், இது தோராய ஒப்பீடே.

அலகறியாது எண்ணை ஒப்பிடுதல் பிழை. இன்றே உங்கள் இல்லத்துக் கருவியின் சீட்டைப் பெற்றோருடன் படித்து, கணக்கிட்டுப் பாருங்கள்.