நின்றவர் கணக்கு

நம் கடைகளில் சரக்குக்கு இருப்புப் புத்தகம் உண்டு. கடனுக்குப் பேரேடு உண்டு. எந்த வாடிக்கையாளர் எவ்வளவு பாக்கி என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவோம். ஆனால், "சென்ற மூன்று ஆண்டுகளில் உங்கள் கடையிலிருந்து எத்தனை பேர் நின்றார்கள்? ஏன் நின்றார்கள்?" என்று கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இராது. "இந்தக் காலத்தில் ஆள் எங்கே நிலைக்கிறது?" என்று அலுத்துக்கொண்டு அடுத்த ஆளைத் தேடுவோம்.

இதே சங்கடம் ஒரு காலத்தில் புகழ்பெற்ற கார் தொழிற்சாலை ஒன்றுக்கும் இருந்தது. அதிலிருந்து அது மீண்ட விதத்தில் நமக்கும் பாடம் உண்டு.

ஃபோர்டு ஆலையின் அனுபவம்

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் ஃபோர்டு கம்பெனியின் ஆலை இருந்தது. 1913-இல் அங்கே சுமார் 14,000 பேர் வேலை பார்த்தார்கள். அந்த எண்ணிக்கை குறையாமல் இருக்க, அந்த ஒரே ஆண்டில் 50,000 பேருக்கு மேல் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் மட்டும் 7,000 பேருக்கு மேல் நின்றார்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் சொல்லிக்கொள்ளாமலே வராமல் போனவர்கள். ஊருக்குப் போன நம் கடைப் பையன் திரும்பி வராததைப் போலத்தான்!

ஜான் லீ என்ற அதிகாரி காரணங்களை ஆராய்ந்தார். நீண்ட வேலை நேரம், குறைந்த கூலி, மேஸ்திரிகள் நினைத்தபடி ஆட்களை நடத்துவது ஆகியவை தெரியவந்தன. 1913 அக்டோபரில், எழுபது விதமாகக் கிடந்த கூலி விகிதங்கள் எட்டாகச் சுருக்கப்பட்டன. ஆளை நீக்கும் அதிகாரம் மேஸ்திரிகளிடமிருந்து எடுக்கப்பட்டது. 1914 ஜனவரியில் வேலை நேரம் 9 மணியிலிருந்து 8 மணியாயிற்று. தகுதி பெற்றவர்களுக்கு நாள் வருவாய் 5 டாலராக உயர்ந்தது. 1913-இல் நூற்றுக்கு 370 ஆக இருந்த வெளியேற்றம் 1915-இல் 16 ஆகக் குறைந்தது.

"கூலியை இரட்டிப்பாக்கினால் யார்தான் நிற்க மாட்டார்கள்? நம்மால் முடியுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கூலியைக் கூட்டுவதற்கு முன்பே அவர்கள் செய்த இரண்டு காரியங்களுக்கு அதிகச் செலவில்லை: கூலியில் ஒழுங்கு, நடத்தையில் நியாயம். தொழிலாளர் வீட்டுக்கே போய் அவர்களுடைய வாழ்க்கையை விசாரிக்கும் வழக்கத்தையும் அந்தக் கம்பெனி கொண்டுவந்தது. அது நமக்கு வேண்டாம்.

நம் கடையில் தொடங்குவது எப்படி?

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பெயர், சேர்ந்த தேதி, பார்த்த வேலை, சம்பளம், முன்பணம், நின்ற தேதி என்று கட்டம் போடுங்கள். கடைசியில் இரண்டு கட்டங்கள் வேண்டும்: "சொன்ன காரணம்", "பின்னர் தெரிந்த காரணம்". பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று போனவர் அடுத்த தெருக் கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பார். அங்கே என்ன கிடைத்தது என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

ஆண்டு முடிவில் நின்றவர் தொகையைச் சராசரி ஆள் தொகையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். எட்டுப் பேர் உள்ள கடையில் ஆறு பேர் நின்றால் 75 சதவீதம். மாதம் ரூ.15,000 வாங்கும் புது ஆள் விலையும் சரக்கு வைத்த இடமும் பழகும் வரை, முதல் மாதம் பாதி வேலைதான் பார்ப்பார் என்று வைத்துக்கொண்டால், ரூ.7,500 நஷ்டம். ஆறு பேருக்கு ரூ.45,000. எடைத் தவறும், பழைய ஆளைத் தேடி வந்து திரும்பிய வாடிக்கையாளரும் இதில் சேரவில்லை.

நோட்டு சொல்லும் செய்தி

சேர்ந்த மூன்று மாதத்துக்குள் பலர் நின்றிருந்தால், வேலை கற்றுக்கொடுக்கும் முறையில் குறை. தீபாவளி போனஸ் வாங்கியதும் நின்றிருந்தால், மனக்கசப்பு முன்பே இருந்திருக்கிறது, போனஸுக்காகக் காத்திருந்தார்கள். இரண்டு மூன்று ஆண்டு இருந்தவர்கள் போயிருந்தால், புதிதாக வந்தவருக்கும் அவர்களுக்கும் சம்பளத்தில் வித்தியாசம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லோரும் கிடங்கிலிருந்தே போயிருந்தால், கிடங்கைக் கவனிப்பவரை விசாரியுங்கள்.

வருகைப் பதிவேட்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒழுங்காக வந்தவர் அடிக்கடி தாமதமாக வரத் தொடங்கினால், அவரைத் தனியே அழைத்துப் பேசும் நேரம் அதுதான். வாடிக்கையாளர் முன் ஏசும் நேரம் அல்ல.

பிறகு, குறித்த தேதியில் சம்பளம், அனுபவத்துக்கு ஏற்ற படிநிலை, முறை வைத்து வார விடுமுறை ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சீர்செய்யுங்கள். உட்கார இடம் கொடுங்கள். கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் செய்த திருத்தத்தின்படி தமிழ்நாட்டில் அது சட்டக் கடமையும் ஆகும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றி, ஆறு மாதம் நோட்டைப் பாருங்கள்.

வணிக அன்பர்களே, நின்றவரைக் குறை சொல்வது எளிது. அவர் ஏன் நின்றார் என்று உண்மையாக எழுதினால், சில வரிகளில் நம் கோபமும் நாம் தள்ளிப்போட்ட சம்பளமும் வந்து நிற்கும். அந்த வரிகளை அடிக்காமல் விட்டு வையுங்கள். வசூலாக வேண்டிய பாக்கி அங்கேதான் இருக்கிறது.