திறந்த வானும் புதிய வழிகளும்

இராயபுரத்துக் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்குவார்க்கு, துறைமுகத்து அலைதடுப்புச் சுவர்களுக்கு அப்பால் நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்கள் தோன்றும். கடல் யாவர்க்கும் பொதுவாயினும், அக்கப்பல்கள் நினைத்தபோது கரையை அணுகுதல் இயலாது. அனுமதியும் வேண்டும், நிற்க இடமும் வேண்டும். வானத்தின் இயல்பும் அத்தகையதே. பறவைக்குத் தடையற்ற வானம் விமானத்துக்கு எல்லைகளால் வகுக்கப்பட்டதாகும். அவ்வெல்லைகள் தளர்ந்தபோது ஆகாய மார்க்கங்கள் எவ்வாறு தோன்றின, தோன்றியவற்றுட் சில எதனால் நிலைபெறாமற் போயின என்பதை, நம் சென்னையையும் அமெரிக்காவையும் இணைத்த ஒரு மார்க்கத்தைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

தன் நிலத்தின் மேலுள்ள வானம் தனக்கே உரியது என்னும் கொள்கையை, 1944-ஆம் ஆண்டில் சிக்காகோ நகரிற் கூடிய பன்னாட்டு மாநாடு உறுதி செய்தது. ஆகவே, ஒரு நாட்டு விமானம் பிறிதொரு நாட்டுக்குப் பிரயாணிகளை ஏற்றிச் செல்ல, அவ்விரு நாட்டு அரசாங்கங்களின் உடன்படிக்கை இன்றியமையாததாயிற்று. 1946-ல் பிரிட்டனும் ஐக்கிய அமெரிக்காவும் பெர்மூடாத் தீவிற் செய்துகொண்ட உடன்படிக்கை நெடுங்காலம் ஏனையோர்க்கு முன்மாதிரியாய் விளங்கிற்று. எந்தக் கம்பெனி, எந்த நகருக்கு, எத்தனை முறை செல்லலாம் என்பனவெல்லாம் இவ்வாறு அரசாங்கங்களாலேயே வரையறுக்கப்பட்டு வந்தன.

நம் நாட்டில் 1953-ல் விமானக் கம்பெனிகள் அரசுடைமையாக்கப்பட்டன. 1960-ஆம் ஆண்டு மே மாதம் ஏர் இந்தியா விமானம் பம்பாயினின்று லண்டன் வழியாக நியூயார்க்குக்குச் செல்லத் தொடங்கிற்று. அதன்பின் நாற்பதாண்டுகளுக்கு மேல், அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்த இந்திய விமானம் அந்த ஒரு ஸ்தாபனத்தினுடையதாகவே இருந்தது.

இதற்கிடையில் மேனாட்டில் மாறுதல் பிறந்தது. 1977-ல் பிரெட்டி லேக்கர் என்னும் ஆங்கிலேயர், முன்பதிவு வேண்டாத மலிவான விமானப் போக்குவரத்தை லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே தொடங்கினார். 1978-ல் அமெரிக்கா தன் உள்நாட்டு விமானக் கட்டணங்களையும் மார்க்கங்களையும் அரசாங்கக் கட்டுப்பாட்டினின்று விடுவிக்கச் சட்டமியற்றிற்று. நம் நாட்டிலோ, 1953-ஆம் ஆண்டுச் சட்டம் 1994-ல் நீக்கப்பட்டது. 2004-ஆம் ஆண்டின் இறுதியில், தக்க அனுபவமுள்ள தனியார் கம்பெனிகள் வெளிநாடு செல்ல இசைவு பெற்றன. 2005 ஏப்ரலில் இந்தியாவும் அமெரிக்காவும் திறந்த வான் உடன்படிக்கையிற் கையெழுத்திட்டன. அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் உள்ள ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் செய்துகொண்ட அத்தகைய உடன்படிக்கை 2008 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.

நிற்க. கதவு திறந்ததனால் மட்டும் வழி உண்டாகிவிடுமோ? நம் துறைமுகத்தின் வரலாறே இதற்கு விடை பகரும். சென்னைக்குத் துறைமுகம் அமையுமுன், கரைக்கு அப்பால் நின்ற கப்பல்களினின்று மக்களையும் சரக்குகளையும் மசூலாப் படகுகளே அலைகளினூடே கரைசேர்த்தன. படகில்லையேல் கப்பலாற் பயனில்லை. 1983-ல் இங்குக் கண்டெய்னர் எனப்படும் சரக்குப் பெட்டகங்களுக்கெனத் தனி முனையம் அமைந்தது. எனினும், தூர தேசங்களுக்குரிய பெட்டகங்களிற் பல, சிறு கப்பல்களில் கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ சென்று, ஆங்கு வரும் பெருங்கப்பல்களுக்கு மாற்றப்பட்டன. பல ஊர்ச் சரக்கும் ஓரிடத்திற் கூடினாலன்றிப் பெருங்கப்பல் நிரம்பாதன்றோ?

விமானத்துக்கும் இதுவே விதி. சென்னையினின்று ஓர் அமெரிக்க நகருக்கு மட்டும் நாள்தோறும் ஒரு பெரிய விமானத்தை நிரப்புதல் அரிது. இதனையறிந்த ஜெட் ஏர்வேஸ் கம்பெனி, 2007 ஆகஸ்டில் பம்பாயினின்று பெல்ஜியத்தின் தலைநகராகிய பிரஸ்ஸெல்ஸ் வழியாக நியூயார்க்கை அடுத்த நியூவார்க்குக்குச் செல்லத் தொடங்கிற்று. பின்னர் தில்லியும் சென்னையும் ஒருபுறத்தும், நியூயார்க்கும் டொராண்டோவும் மறுபுறத்தும் சேர்க்கப்பட்டன. மூன்று இந்திய நகரங்களின் விமானங்கள் காலையில் பிரஸ்ஸெல்ஸில் ஒருங்கு கூடும். பிரயாணிகள் தத்தமக்குரிய விமானத்துக்கு மாறுவர். பின் அவை மேற்கே புறப்படும். இவ்வாறு மூன்று விமானங்களைக் கொண்டே 3 × 3 = 9 நகர இணைகளுக்கு வழி பிறந்தது. பெல்ஜிய நாட்டின் பழைய விமானக் கம்பெனியாகிய சபேனா 2001-ல் வீழ்ந்தமையின், அந்நிலையத்தில் இடமும் இருந்தது. பிரஸ்ஸெல்ஸில் புதிதாக ஏறுவோரையும் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்ல மூன்று நாடுகளின் இசைவு வேண்டியிருந்தது, அதுவும் கிடைத்தது.

ஆயினும் அவ்வழி நிலைக்கவில்லை. 2008 ஜூலையில் கச்சா எண்ணெயின் விலை பீப்பாய்க்கு 140 டாலருக்கு மேல் உயர்ந்தது. அவ்வாண்டிலேயே உலகப் பொருளாதாரமும் தளர்ந்தது. ஷாங்காய் வழியாகச் சான் பிரான்சிஸ்கோவுக்கு 2008-ல் தொடங்கிய அக்கம்பெனியின் மற்றொரு வழி, ஓராண்டு நிறையுமுன் கைவிடப்பட்டது. 2016 மார்ச்சில் கூடுமிடம் பிரஸ்ஸெல்ஸினின்று ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றப்பட்டது. 2019 ஏப்ரல் 17-ஆம் நாள் கம்பெனியே பறத்தலை நிறுத்திற்று. பல்லாயிரம் ஊழியர் சம்பள பாக்கியோடு நின்றனர். லேக்கரின் கம்பெனியும் 1982-ல் இங்ஙனமே வீழ்ந்தது. அட்லாண்டிக்கின்மேல் மலிவான கட்டணத்துக்குப் பெயர்பெற்ற நார்வீஜியன் கம்பெனி, 2021 ஜனவரியில் நெடுந்தூரப் போக்குவரத்தினின்றே விலகிற்று.

இவற்றால் நாம் அறியத்தக்கது யாது? சட்டம் அனுமதியைத் தரும், வழியைத் தருவதன்று. கூடுமிடம் எவர் கையில் உள்ளதோ, இலாபமில்லாத ஆண்டுகளைத் தாங்கும் மூலதனம் எவரிடம் உள்ளதோ, அவரிடமே வழி நிலைக்கும். திறந்த வானம் நம்மவர்க்கு மட்டும் திறந்ததன்று. சென்னைப் பிரயாணி துபாயிலும் தோஹாவிலும் பிராங்க்பர்ட்டிலும் விமானம் மாறி அமெரிக்கா செல்லலானான். சென்னைப் பெட்டகம் கொழும்பிற் கப்பல் மாறியதைப் போன்றதே இதுவும். இரண்டிலும் சரக்கும் கூலியும் நம்முடையன. சந்தியின் ஊதியம் பிறருடையது.

இக்குறையை நீக்க நம் பகுதியில் முயற்சிகள் நிகழாமலில்லை. 2001-ல் எண்ணூர்த் துறைமுகமும், பின்னர் அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகமும் தொழில் தொடங்கின. 2018-ல் அந்நிய நாட்டுக் கப்பல்களும் ஏற்றுமதி இறக்குமதிப் பெட்டகங்களை இந்தியத் துறைமுகங்களுக்கிடையே கொண்டுசெல்லத் தனி அனுமதி வேண்டாமென விதி தளர்த்தப்பட்டது. ஆனால், துறைமுக வாயிலுக்கு முன் எண்ணூர்ச் சாலையில் பெட்டக லாரிகள் நெடுவரிசையாய்க் காத்துக்கிடந்ததைத் திருவொற்றியூர் மக்கள் பல்லாண்டு கண்டிருக்கின்றனர். கடற்புறத்து வாயிலைத் திறந்து நிலப்புறத்துச் சாலையை ஒடுக்கமாய் விட்டால், அந்தத் திறப்பு பாதிப் பயனையே தரும்.

மாணவர்காள்! புதியதொரு வழி திறக்கப்பட்டது என்னும் செய்தியைப் பத்திரிகையிற் காணும்போது, கட்டணம் எவ்வளவு என்று கேட்பதோடு அமையாதீர். அவ்வழியின் சந்தி எங்குள்ளது, நட்டம் வந்தால் தாங்குவார் யார், வழி மூடப்படின் ஊழியர்க்கும் பயணச்சீட்டு வாங்கினோர்க்கும் பாதுகாப்பு யாது என்னும் மூன்று கேள்விகளையும் கேட்கப் பழகுவீராக. நாளை இத்துறைகளில் அலுவல் ஏற்கப்போகும் உங்களுக்கு, அவற்றுக்கு விடை தேடுதலே தக்க கல்வியாகும்.